அஞ்சடியில் ஒரு மழை நாள்

மழையில் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கட்டிய ஊர் ஒன்று உண்டென்றால், நான் பார்த்தவரையில் அது பினாங்கின் ஜார்ஜ் டவுன்தான். பழைய நகரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் இரு பக்கமும் கடைவீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கீழே கடை, மேலே குடித்தனம். ஒவ்வொரு வீட்டின் மாடியும் தெருப்பக்கம் நீண்டு தூண்களின்மேல் நிற்பதால் அதன் அடியில் கூரையுள்ள ஒரு நடை கிடைக்கிறது. பக்கத்து வீட்டின் நடையும் அதற்கடுத்த வீட்டின் நடையும் அதோடு சேர்ந்துகொள்ள, தலையில் ஒரு சொட்டு விழாமல் தெருமுனை வரை போய்விடலாம். அங்குள்ள தமிழர்கள் இந்த நடையை அஞ்சடி என்கிறார்கள்.

நானும் என் கணவரும் அக்டோபரில் போயிருந்தோம். அங்கே அது நல்ல மழைக்காலம். அன்று விடியும் முன்பே பிடித்த மழை, நாங்கள் காபி குடித்து முடித்தபோதும் விடவில்லை. எங்களுக்கும் அவசரம் இல்லை. இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். பார்த்தே தீரவேண்டிய இடம் என்று எதையும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. விடுதி வாசலில் இருந்து அஞ்சடியில் இறங்கி, கால் போன பக்கம் நடந்தோம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க அந்த அகலம் சரியாக இருக்கிறது. தூணுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் பூவேலை செய்த பழைய தரை ஓடுகள், மரச் சன்னல்கள், யாரோ அப்போதுதான் கழுவிவிட்ட கருங்கல் படி. இதைவிட நிம்மதியான நடை எனக்கு எந்த ஊரிலும் வாய்த்ததில்லை.

அந்த நிம்மதிதான் எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பியது. ஏனென்றால் இதே தெருக்களில், இதே மழையில், நாங்கள் முன்பு ஒருமுறை நடந்திருக்கிறோம். அன்றைக்கு இப்படி நடக்க முடியவில்லை.

அது 1990-களின் நடுப்பகுதி. எங்களுக்குத் திருமணமான புதிது. என் தாய்மாமா பினாங்கில் இருந்தார். விமானச் சீட்டுக்கு மட்டும் பணம் சேர்த்தால் போதும், மற்றதெல்லாம் மாமா பார்த்துக்கொள்வார் என்பதால்தான் அந்தப் பயணமே நடந்தது. மாமா சிறுவனாக நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போனவர். 1926-இல் ஓடத் தொடங்கி, 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தமிழர்களைச் சுமந்த கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையை மாமா பலமுறை சொல்வார். லெபோ பசாரை ஒட்டிய ஒரு தெருவில், மசாலாச் சாமான் மொத்தக் கடை ஒன்றில் கணக்கெழுதினார். அந்தக் கடையின் மாடியில்தான் குடியிருந்தார்.

நாங்கள் போய் இறங்கியது முதல் மழைதான். மாமா எங்களை ஊர் பார்க்கக் கூட்டிப் போனார். அஞ்சடியில் நாலு எட்டு வைத்தால் பூக்கட்டுகிறவரின் பலகை. அதைச் சுற்றி இறங்கி ஏறினால் மிளகாய் மூட்டைகள். அடுத்த தெருவில் சீனப் பெயர்ப்பலகை செதுக்குகிறவர் மரத்தைக் குறுக்கே போட்டு வேலை செய்துகொண்டிருப்பார். பிரம்புக் கூடை முடைகிறவர், தொப்பி தைக்கிற மலாய்க்காரர், கிளி ஜோசியம் பார்க்கிறவர், நாற்காலி போட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும் பாட்டிகள், பாடம் எழுதும் பிள்ளைகள். வழி அடைபடும் இடத்திலெல்லாம் தெருவோர வாய்க்காலைத் தாண்டி மழையில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும்.

"பாத்து இறங்குங்க மாப்ள. ஆத்தா, சேலையைத் தூக்கிக்க" என்று மாமா சொல்லிக்கொண்டே வருவார். இறங்கி ஏறுவதோடு முடியாது. ஒவ்வொருவரிடமும் நின்று, "எங்க அக்கா மக, ஊருலேருந்து வந்திருக்கு. இதுதான் மாப்ள" என்று அறிமுகம் செய்வார். தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை, தமக்குத் தெரிந்த ஹொக்கியனில் ஒரு தடவை. அவர்கள் உட்காரச் சொல்வார்கள், தேநீர் வரும். ராணித் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போகக் கிளம்பியவர்கள், நடை சாத்துகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். 1833-இல் எழுந்த கோயில் அது. அங்கிருந்து சில நிமிட நடையில் ஒரு பக்கம் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மறுபக்கம் சீனர்களின் குவான் யின் கோயில், அதையும் தாண்டினால் புனித ஜார்ஜ் தேவாலயம். எல்லாம் ஒரே தெருவின் நீளத்தில். அன்று அந்த நீளத்தைக் கடக்க எங்களுக்கு முழு மாலையும் ஆனது. ஈரம் சொட்டச் சொட்ட வீடு திரும்பினோம்.

இப்போது அதே தூரத்தை ஈரம் படாமல் அரை மணி நேரத்தில் கடந்துவிட்டோம்.

அஞ்சடி வந்த கதையைச் சொல்லவேண்டும். 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலத்தில் ஒரு தாழ்வாரம் வேண்டும், அது தெருவின் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஓடவேண்டும், எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். 1826-இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சிக்குள் வந்தன. இந்த வழக்கம் மூன்று ஊர்களிலும் வேரூன்றியது. நிலம் வீட்டுக்காரருடையது, வழி எல்லோருடையது. ஆனால் இடநெருக்கடி உள்ள ஊரில் கூரையுள்ள இடத்தைச் சும்மா விடுவார்களா? கடை வெளியே நீளும், தொழில் நடைக்கு வரும், வீட்டு முதியவர்கள் காற்று வாங்க அங்கே உட்காருவார்கள். 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி தாழ்வாரங்களில் இருந்த தடைகளை அகற்ற முனைந்தபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே மூண்டது. நடக்கிறவருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே இந்த ஐந்தடிக்கான வழக்கு அவ்வளவு பழையது.

நாங்கள் அன்று பினாங்கில் பார்த்தது, குடியிருப்பவர் பக்கம் தராசு தாழ்ந்திருந்த காலம். காரணம் ஒரு சட்டம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1948 ஜனவரி 31-க்குள் கட்டி முடித்த வீடுகளுக்கு வாடகையை இஷ்டம்போல ஏற்ற முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகள் இதற்குள் வந்தன. 1969-இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்து வணிகம் படுத்தபோதும், மாமாவைப் போன்றவர்கள் நகரத்தின் நடுவிலேயே வாழ முடிந்தது இதனால்தான்.

அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மாமாவின் மாடியில் மழைக்கு ஐந்தாறு இடத்தில் ஒழுகும். இரவில் எழுந்து ஈயக் குண்டானையும் பிளாஸ்டிக் வாளியையும் நகர்த்தி வைப்பார். எங்களுக்கு நனையாத மூலையை விட்டுக்கொடுத்து, அவர் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டுகொள்வார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த என் கணவர், மறுநாள் காலையில் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உத்திரம் நனைஞ்சு நனைஞ்சு இத்துப்போச்சு. இன்னும் பத்து வருஷம் தாங்காது" என்றார். உரிமையாளருக்குக் கிடைத்த வாடகையில் ஓடு மாற்றுவது கட்டுபடியாகாது. குடியிருப்பவர்களிடமும் அதற்குப் பணம் இல்லை. மனிதர்களைக் காத்த சட்டம் வீடுகளை நனையவிட்டது.

அந்தச் சட்டம் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு ஆண்டுக்கும் சற்று மேல் தவணை கொடுத்து, 2000 ஜனவரி 1 முதல் வாடகையை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். பல மடங்கு ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாத ஆயிரக்கணக்கானோர் பழைய நகரத்தை விட்டு வெளியேறினார்கள். மாமாவின் கடை வேறிடம் மாறியது. அவர் ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் நண்பர் ஒருவரோடு போய் ஒண்டிக்கொண்டார். அதன் பிறகும் தினம் காலையில் பேருந்து பிடித்துப் பழைய தெருவுக்கு வந்து, தெரிந்தவர் கடை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புவார். ஒருமுறை தொலைபேசியில், "நம்ம வரிசையில இப்ப குருவிதான் ஆத்தா குடியிருக்கு" என்றார். ஆள் போன வீடுகளில் உழவாரன் குருவிகளை வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவற்றின் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிப்பார்கள், நல்ல விலை. சன்னல்களை அடைத்துவிட்டு, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் பகலெல்லாம் போட்டுவைத்தார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபிடம் ஆன பின், 2013-க்குள் குருவிகளையும் பழைய நகரத்திலிருந்து அப்புறப்படுத்த முடிவானது. மாமா அதற்குள் இறந்துவிட்டார்.

இத்தனையும் நினைவிலிருக்கத்தான் நாங்கள் இந்த முறை நடந்தோம். லெபோ ஆர்மேனியனில் சுற்றுலா வந்தவர்கள் குடைகளோடு வரிசையில் நின்றார்கள். எர்னஸ்ட் ஜக்காரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் 2012-இல் அங்கே ஒரு சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளை வரைந்தார். சைக்கிள் நிஜம், குழந்தைகள் வண்ணம். வெயிலும் மழையும் பட்டு வண்ணம் வெளிறியிருக்கிறது. எல்லோரும் அந்தக் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசை நெடுக நடந்தும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை.

அப்போது மழை ஒரு நிமிடம் ஓய்ந்து மறுபடி வலுத்தது. என் கண் தன்னால் மேலே போனது. அன்றைக்கெல்லாம் மாடிச் சன்னல்களிலிருந்து மூங்கில் கழிகள் தெருவுக்கு மேலே நீண்டிருக்கும். அவற்றில் சட்டையும் சேலையும் சாரமும் காயும். தூறல் போட்டதும் தெரு முழுக்க, எல்லா மாடியிலும், ஒரே சமயத்தில் கைகள் வெளியே வந்து கழிகளை உள்ளே இழுக்கும். வளையல் போட்ட கை, சுருக்கம் விழுந்த கை, எட்டாத குழந்தைக் கை. மழை வருகிறது என்று அந்தத் தெருவில் யாரும் வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. இன்று சன்னல்கள் அழகாகப் பச்சைச் சாயம் பூசி மூடியிருந்தன. மழை வலுத்தது. ஒரு சன்னலும் திறக்கவில்லை.

"ஏங்க, மேலே யாரும் இல்ல" என்றேன்.

அவரும் அண்ணாந்து பார்த்தார். "ஆனா கூரை எல்லாம் பிரமாதமா மாத்தியிருக்காங்க" என்றார். அவர் என்னை மறுத்துப் பேசவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததும் உண்மைதான்.

பழுதுபார்த்தல் எவ்வளவு அரிய காரியம் என்பதை அன்று மதியம் லீத் தெருவில் உள்ள நீல மாளிகையில் நேரில் பார்த்தோம். சியோங் ஃபாட் ட்ஸே என்ற ஹக்கா சீன வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் கட்டியது. 38 அறைகள், 220 சன்னல்கள். 1916-இல் இறந்த அவர், தம் கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதிவிட்டுப் போனார். அந்த மகன் 1989-இல் இறந்த பிறகுதான் அது கைமாறி, சிதைந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டது. 2000-இல் அந்த வேலைக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. எங்கள் முதல் பயணத்தில் மாமா அதை வெளியிலிருந்து காட்டியதோடு சரி.

மழைக்கு அந்த வீடு மிகப் பொருத்தம். நடுவில் வானம் பார்த்த முற்றம், செட்டிநாட்டு வீட்டின் வளவு மாதிரியே. நாலு பக்கக் கூரை நீரும் உள்நோக்கி வழிந்து, குழாய்களில் இறங்கி, முற்றத்துக் கருங்கல்லில் பரவி, மெல்ல வடிகிறது. நீர் செல்வம், அதை வீட்டுக்குள் வரவேற்று அவசரமில்லாமல் வெளியே விடவேண்டும் என்பது சீனர் நம்பிக்கை. அந்த ஈரம் வீடு முழுவதையும் குளிர்விக்கிறது. சுவரின் நீலம், அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசியது. என் கணவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சுண்ணாம்புச் சுவர் மழையின் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும், சிமெண்டும் பிளாஸ்டிக் சாயமும் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும் என்று எனக்கு விளக்கினார். ஒரு வீட்டை எப்படிக் காப்பது என்று தெரிந்த கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.

சாயங்காலம் லெபோ பசாருக்கு வந்தோம். அங்கே மட்டும் அஞ்சடி இன்னும் பழைய மாதிரி நெரிசலாக இருக்கிறது. ஜவுளி, பாத்திரம், மாலை, முறுக்கு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. இரண்டு இடத்தில் நாங்கள் மழையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஒரு கடையில் ஏலக்காய் வாங்கினேன். எடை போட்ட பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருக்கா நீங்க?" என்றான். அவன் புதுக்கோட்டைப் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்தவன்.

"தங்கறது எங்கேப்பா?"

"இந்த மாடியிலதான்க்கா. நாலு பேரு இருக்கோம்."

"மழைக்கு ஒழுகுதா?"

"இல்லக்கா. ஓடெல்லாம் புதுசாப் போட்டாச்சு."

ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருப்பதாகச் சொன்னான். இந்தப் பெர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. தவணை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். மாமாவும் இப்படி ஒரு மாடியில், ஏலக்காய் வாசனைக்கு மேலே, தனியாளாகத்தான் தொடங்கியிருப்பார். ஆனால் மாமாவுக்கு அந்தத் தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தது. மலாயும் ஹொக்கியனும் பேசப் பழகவும், பூக்கட்டுகிறவருக்கும் பலகை செதுக்குகிறவருக்கும் வேண்டியவராகவும், அக்கா மகள் வந்தால் தெருவையே கூட்டி அறிமுகம் செய்யவும் அது போதுமாக இருந்தது. இந்தப் பையனுக்கு ஒழுகாத கூரை இருக்கிறது. அந்த ஆண்டுகள் இல்லை.

இரவு உணவுக்கு ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தோம். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் தொடங்கிய உணவு அது. சாப்பிட்டபடியே நாங்கள் இருவரும் இதைப் பற்றித்தான் பேசினோம். சட்டம் அப்படியே தொடர்ந்திருந்தால் பாதி வீடுகள் இந்நேரம் விழுந்திருக்கும் என்றார் அவர். அது சரி. ஆட்களை அனுப்பிவிட்டுச் சுவரைக் காத்து என்ன பயன் என்றேன் நான். யுனெஸ்கோ இந்த ஊருக்குத் தகுதி கொடுத்தது கட்டடங்களுக்காக மட்டும் இல்லை, பல மதங்களும் பல மொழிகளும் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கைக்காகவும்தான். அந்த வாழ்க்கை மாடிகளில்தான் நடந்தது.

கடைசியில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதில்லை. அதற்கு வழி அந்த ஊரின் தரையிலேயே இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு நிர்வாகம் வீட்டுக்காரரிடம், உன் நிலத்தில் ஐந்தடி வழிப்போக்கனுக்கு என்று சொன்னது. வீட்டுக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதனால் ஒருவரும் அழிந்துபோகவில்லை. தெருவுக்கு வாடிக்கை பெருகியது, ஊருக்குப் பெயர் வந்தது. இன்று புதுப்பித்த ஒவ்வொரு வரிசையிலும் சில மாடிகள் குடியிருப்புக்கு மட்டும், கட்டக்கூடிய வாடகையில் என்று சொல்வது அதைவிடப் பெரிய கட்டளை ஆகாது. கூரை மாற்றும் செலவில் அரசு பங்கெடுத்துக்கொண்டு, பதிலுக்கு அந்த மாடியைக் கேட்கலாம். நடப்பவருக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த ஊருக்குக் குடியிருப்பவருக்கு ஒதுக்கவும் தெரியும்.

அடுத்த முறை நாங்கள் போகும்போது அஞ்சடியில் நாலு இடத்தில் வழி அடைத்திருந்தால், வாய்க்காலைத் தாண்டி மழையில் இறங்கி நடக்க எங்களுக்கு முழுச் சம்மதம்.